ஊர் ஏற்காத சாவு

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் வெடித்த குண்டுகள் 250-க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. குண்டைச் சுமந்து போனவர்களில் இருவர் கொழும்பின் பெரும்பணக்கார வாசனைப் பொருள் வியாபாரி ஒருவரின் மகன்கள். இன்னொருவர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். சோற்றுக்கு வழியில்லாதவன்தான் இப்படிப் போவான் என்ற பேச்சு அன்று பொய்த்தது.

பாலஸ்தீனத் தாக்குதல்காரர்களின் பின்னணியை ஆராய்ந்த பொருளியலாளர் குளோட் பெரபியும், அவர்கள் சராசரி பாலஸ்தீனரைவிட வசதியும் படிப்பும் கூடியவர்கள் என்றே கண்டார். அங்கே தற்கொலைத் தாக்குதல்களுக்கு மக்கள் ஆதரவும் ஒரே நிலையில் இருந்ததில்லை. இஸ்ரேலுடனான ஆஸ்லோ அமைதி ஒப்பந்தத்தில் நம்பிக்கை இருந்த 1990-களின் நடுவில் சரிந்தது. 2000-ல் இரண்டாம் இன்டிஃபாடா என்ற பாலஸ்தீனர் எழுச்சி தொடங்கிய பின் ஏறியது.

அப்படியென்றால் எது இப்படிச் சாகத் துணியும் ஆளை உருவாக்குகிறது? அந்தச் சாவுக்குச் சுற்றியிருப்பவர்கள் தரும் மரியாதைக்குப் பெரும்பங்கு உண்டு. 1987 ஜூலை 5-ல் நெல்லியடி மகா வித்தியாலயத்தில் இருந்த ராணுவ முகாமுக்குள் விடுதலைப் புலிகளின் மில்லர் வெடிமருந்து லாரியை ஓட்டிச் சென்று வெடிக்கச் செய்தார். புலிகள் அந்தத் தேதியையே தங்கள் தற்கொலைப் படையான கரும்புலிகளின் நாளாக்கினார்கள். போகுமுன் தலைவருடன் விருந்து, புகைப்படம். போன பின் மாலையிட்ட படம், வீட்டாருக்கு மாவீரர் குடும்பம் என்ற மதிப்பு. இதில் மதம் இல்லை. 1983 தமிழர் படுகொலையிலும் ஷெல்லடியிலும் நொந்த மக்களின் உண்மையான துயரத்தை எடுத்துத்தான் ஓர் இயக்கம் சாவுக்குப் பெருமை சூட்டியது. ஆனால், 1996-ல் கொழும்பு மத்திய வங்கி வாசலில் புலிகளின் தற்கொலைத் தாக்குதலில் செத்தவர்கள் ஊழியர்களும் வழிப்போக்கர்களும். எந்தத் துயரமும் அதற்கு நியாயமாகாது.

ஈஸ்டர் குண்டுதாரிகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. கும்பலின் தலைவன் சஹ்ரான் ஹாஷிமின் வெறுப்புப் பேச்சு பற்றி, அவனுடைய ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டி முறையிட்டிருந்தார்கள். தாக்குதலுக்குப் பின் முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மாட்டோம் என்றது. சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்த அந்தக் கும்பலைச் சேர்ந்தவர்கள்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னவர்களும் அக்கம்பக்கத்து முஸ்லிம்கள்தான்.

இருந்தும் அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் நொறுக்கப்பட்டன. எச்சரிக்கைகள் வந்தும் ஈஸ்டர் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.