குறிநோக்கி: கண்ணுக்கு ஒரு துணை

தொலைவிலுள்ள பொருளைக் கண்ணருகே கொணர்ந்து காட்டுவது தொலைநோக்கி. அதனைத் துப்பாக்கிக் குழலின்மேல் இறுகப் பொருத்திக் குறிபார்க்கப் பயன்படுத்துவர். நம்மிடையே ‘ஸ்கோப்’ என்றும், மலாய் மொழியில் ‘தெரொப்போங்’ என்றும் வழங்கும் இக்கருவியை இக்கட்டுரையில் ‘குறிநோக்கி’ என்றே குறிப்போம். பெயரிலேயே தொழில் விளங்குதலால் மாணவர்க்கு எடுத்துரைக்கவும் இஃது எளிது.

இக்கருவியைப் பற்றிப் பலரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பெருக்கம் மிகுந்த குறிநோக்கியை வாங்கிப் பொருத்திவிட்டால் குறி தப்பாது என்பதே அது. கடைகளிலும் பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணைக் காட்டியே விற்கிறார்கள். கோலா தெர்லாவைப் போன்ற மலைநாட்டில், மூடுபனியும் மழையும் செங்குத்தான சரிவும் தேயிலை நிரைகளும் சூழ்ந்த இடத்தில், அந்நம்பிக்கை பணத்திற்கு மட்டுமன்றி உயிருக்கும் கேடு விளைக்கக் கூடும். ஆதலின் இக்கருவி செய்வது யாது, செய்யாதது யாது என்பதை முறையாக ஆராய்வோம்.

இழை பிறந்த வரலாறு

இரு குவிவில்லைகளால் தொலைநோக்கி அமைக்கும் முறையைக் கெப்ளர் 1611-இல் விளக்கினார். அவ்வமைப்பில், வில்லைகளுக்கு இடையே ஓரிடத்தில் காட்சியின் உருவம் விழுகிறது. அவ்விடத்தில் ஓர் இழையை வைத்தால், இழையும் தொலைவிலுள்ள பொருளும் ஒருங்கே தெளிவாகத் தெரியும். இவ்வுண்மையைப் பயன்படுத்திக் கொண்டவர் இங்கிலாந்து நாட்டு வானியலறிஞர் வில்லியம் கேஸ்கோயின். அவருடைய தொலைநோக்கிக்குள் சிலந்தி ஒன்று நூல் கட்டியதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பர். பிற்காலத்திலும் அளவைக் கருவிகளில் உண்மையான சிலந்தி நூலையே குறுக்கிழையாகப் பயன்படுத்தி வந்தனர்.

இக்குறுக்கிழை முதலில் பெரும்பணி ஆற்றியது நில அளவையில்தான். 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தம் பணியைத் தொடங்கிய லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தென்னாடெங்கும் கொண்டு சென்றார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றும்பொழுது அக்கருவி மோதிச் சேதமுற்றதும், அவர் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டதும் வரலாறு. 1885-இல் இம்மலைநாட்டை ஆராய்ந்து தம் பெயரையே இதற்கு விட்டுச் சென்ற வில்லியம் கேமரனும் ஒரு நில அளவையாளரே. அளவையாளர் கருவியும் வேட்டுவர் கருவியும் உடன்பிறந்தவை. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே குறிநோக்கி பொருத்திய துப்பாக்கிகள் பயன்பட்டன.

உள்ளே நிகழ்வது யாது?

குறிநோக்கியின் முன்முனையில் இருப்பது பொருளருகு வில்லை. பின்முனையில் இருப்பது கண்ணருகு வில்லை. முன் வில்லை அமைக்கும் உருவம் தலைகீழாக இருக்கும். நடுவிலுள்ள வில்லைகள் அதனை நிமிர்த்துகின்றன. கண்ணருகு வில்லை அவ்வுருவத்தைப் பெருக்கிக் காட்டுகிறது.

சாதாரணத் துப்பாக்கியில் பின்னுள்ள பிளவு, முன்னுள்ள முனை, அதற்கப்பால் உள்ள இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். மூன்றும் மூன்று தொலைவில் இருப்பதால், ஒரே சமயத்தில் மூன்றையும் தெளிவாகக் காண மனிதக் கண்ணால் இயலாது. நாற்பது வயதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்க்கு இடர்ப்பாடு இன்னும் மிகும். குறிநோக்கியிலோ இழையும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிகின்றன. இக்கருவியின் முதற்பயன் இதுவே. பெருக்கம் இரண்டாவது பயன்தான்.

எண்களின் பொருள்

பெட்டியின்மேல் 4×32 என்றிருந்தால் நான்கு மடங்கு பெருக்கம், 32 மில்லிமீட்டர் அகலமுள்ள முன்வில்லை என்று பொருள். 3-9×40 என்றிருந்தால் பெருக்கத்தை மூன்றிலிருந்து ஒன்பது வரை மாற்றலாம். முன்வில்லை 40 மில்லிமீட்டர்.

இவ்விரு எண்களைக் கொண்டு ஒரு வகுத்தல் கணக்குச் செய்தால் கருவியின் இயல்பு விளங்கிவிடும். முன்வில்லையின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்து வருவதே கண்ணை நோக்கி வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம். 4×32-இல் அது 8 மில்லிமீட்டர். ஒன்பது மடங்கில் வைத்த 40 மில்லிமீட்டர்க் கருவியில் சுமார் நாலரை மில்லிமீட்டர். பன்னிரண்டு மடங்கானால் மூன்றே சொச்சம். நம் கண்மணியின் துளையோ பகலில் இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கும். இருளில் இளைஞர்க்கு ஏழு வரை விரியும். முதியோர்க்கு ஐந்தளவில் நின்றுவிடும்.

எனவே நண்பகலில் எந்தக் கருவியும் ஒளியுடன் தோன்றும். அந்தி மயங்கும் வேளையில், காட்டோரத்தில் நின்று பார்க்கும்பொழுது, பெருக்கத்தை ஏற்ற ஏற்றக் காட்சி இருளும். மாலை வேளைக்குக் குறைந்த பெருக்கமே உகந்தது என்பது இதனாற் பெறப்படும்.

பெருக்கம் மிகுதியானால் வேறு இரண்டு குறைகளும் நேரும். முதலாவது, காட்சியின் பரப்புச் சுருங்கும். நான்கு மடங்கில் நூறு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒன்பது பத்து மீட்டர் அகலம் தெரியும். பன்னிரண்டு மடங்கில் மூன்று மீட்டரளவே தெரியும். ஓடும் பன்றியை அதற்குள் தேடுவது ஊசித்துளை வழியே ஊர்வலம் பார்ப்பது போலாகும். இரண்டாவது, கைநடுக்கமும் அதே மடங்கு பெருகித் தோன்றும். உள்ள நடுக்கத்தைக் கருவி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நமக்குக் காட்டுகிறது, அவ்வளவே.

கண் நிற்கும் இடமும் இடமாறு தோற்றமும்

குறிநோக்கியில் முழுக்காட்சியும் தெரியக் கண்ணை வில்லைக்குப் பின்னால் குறித்ததொரு தொலைவில் வைக்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் இது 7 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். துப்பாக்கி வெடிக்கையில் பின்னோக்கி உதைக்கும். கண் மிக அருகில் இருந்தால் கருவியின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். உதை மிகுந்த துப்பாக்கிக்கு இத்தொலைவு மிகுந்த கருவியையே கொள்ள வேண்டும்.

இனி இடமாறு தோற்றம். ஒரு விரலை முகத்தின்முன் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தால், விரல் பின்னுள்ள சுவரில் இடம்பெயர்வது போல் தோன்றும். இலக்கின் உருவமும் குறுக்கிழையும் ஒரே தளத்தில் அமையாவிட்டால் இதே மயக்கம் குறிநோக்கிக்குள்ளும் நேரும். வேட்டைக்குரிய கருவிகளைப் பெரும்பாலும் நூறு கெஜத் தொலைவிற்கும், ‘பாயிண்ட் டுவென்டி டூ’ எனப்படும் சிறு துப்பாக்கிக்குரியவற்றை ஐம்பது கெஜத்திற்கும் பொருத்தி அனுப்புவர். பத்து மீட்டரில் சுடும் காற்றுத் துப்பாக்கிக்கு இத்தொலைவை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள கருவியே வேண்டும்.

குண்டு செல்லும் வழி

பார்வை நேர்கோட்டிற் செல்லும். குண்டு அவ்வாறு செல்வதில்லை. குழலை விட்டு நீங்கிய கணமே புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்கத் தொடங்குகிறது. வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் புறப்படும் சிறு குண்டு நூறு மீட்டரைக் கடக்க 0.3 வினாடிக்குக் குறையாமல் ஆகும். அந்நேரத்தில் அது குழலின் நேர்கோட்டிலிருந்து 44 செ.மீ. அளவு தாழ்ந்துவிடும். மேலும், குறிநோக்கி குழலுக்கு மேல் நான்கு செ.மீ. உயரத்தில் அமர்ந்திருக்கிறது. ஆதலின் குழல் சற்றே மேல்நோக்கியிருக்குமாறு இரண்டையும் இசைத்து, தேர்ந்தெடுத்த ஒரு தொலைவில் பார்வைக் கோடும் குண்டின் வழியும் சந்திக்கச் செய்வர். இதற்கு ‘சுழியாக்கல்’ என்று பெயரிடலாம்.

இதற்கென்றே கருவியின் மேலும் பக்கத்திலும் இரு திருகுகள் உண்டு. அவை ‘கிளிக்’ என்னும் ஓசையுடன் படிப்படியாகத் திரும்பும். ஒரு வகையில் ஒரு படி, நூறு மீட்டரில் ஒரு செ.மீ. மாற்றம் தரும். மற்றொரு வகையில் ஒரு படி கோணத்தின் கால் நிமிடம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கே நிமிடம். அது நூறு மீட்டரில் 2.9 செ.மீ. ஆகும், கால் நிமிடம் 7 மில்லிமீட்டர் அளவு.

நூறு மீட்டரில் சுட்ட குண்டுகள் நடுவிலிருந்து ஆறு செ.மீ. இடப்புறமும் மூன்று செ.மீ. கீழும் திரண்டு விழுந்தன என்று கொள்வோம். முதல் வகைத் திருகை வலப்புறம் ஆறு படியும், மேல்நோக்கி மூன்று படியும் திருப்புக. அதே பிழை ஐம்பது மீட்டரில் நேர்ந்தால் படிகள் இரட்டிக்கும். கோணம் ஒன்றாயினும் தொலைவு பாதியானதே காரணம். கணித வகுப்பிலும் இதனை எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஆனால் ஒரே குண்டின் துளையைப் பார்த்துத் திருகைத் திருப்புதல் கூடாது. ஐந்து குண்டுகளேனும் சுட்டு, அவற்றின் நடுவைக் கண்டபின்னரே திருத்த வேண்டும்.

மலையும் மூடுபனியும்

சமவெளியில் சுழியாக்கிய துப்பாக்கி மலைச்சரிவில் வேறுவிதமாக நடந்துகொள்ளும். ஈர்ப்பு செங்குத்தாகச் செயற்படுவதால், குண்டின் தாழ்வைத் தீர்மானிப்பது சரிவுத் தொலைவன்று, கிடைத்தொலைவே. முப்பது பாகைச் சரிவில் நூறு மீட்டர் தள்ளியுள்ள இலக்கின் கிடைத்தொலைவு 87 மீட்டர்தான். நூறு என்று எண்ணிக் குறிவைத்தால், மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு இலக்கிற்கு மேலேயே செல்லும்.

மூடுபனியை எந்தப் பெருக்கமும் ஊடுருவாது. உருவம் பெருகும்பொழுது பனியின் மங்கலும் உடன் பெருகும். இங்குள்ள ஈரத்திற்கு முதலில் வேண்டுவது, உள்ளே நைட்ரசன் வாயு அடைத்து நன்கு மூடி முத்திரையிட்ட குழாய். அஃது இல்லையெனில் உள்வில்லையில் நீராவி படியும். நாளடைவில் பூஞ்சணமும் பற்றும். குளிர்ந்த கருவியைத் தாப்பாவிற்கோ ஈப்போவிற்கோ இறக்கிக் கொண்டு சென்றால், அங்குள்ள வெம்மையான ஈரக்காற்று பட்டு வெளிவில்லை உடனே வியர்க்கும். அதனைத் துணியால் அழுத்தித் தேய்க்காமல், மூடிய பைக்குள்ளேயே சற்று நேரம் வைத்து வெம்மை ஏறவிடுதல் நன்று. தோலுறையில் நெடுநாள் பூட்டி வைத்தால் பூஞ்சணம் வளரும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் இறுகிய பெட்டியில் வைக்க வேண்டும்.

இலக்குப் போட்டியின் பாடம்

உலகின் நுண்ணிய குறிகளுள் ஒன்று பத்து மீட்டர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் நடுப்புள்ளி. அதன் அகலம் அரை மில்லிமீட்டர்தான். ஒலிம்பிக்கில் அப்போட்டியில் குறிநோக்கிக்கு இடமில்லை. பெருக்கமில்லாத சிறு துளைவழியே பார்த்துத்தான் சுட வேண்டும். சென்னையிற் பிறந்த ககன் நாரங் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது இம்முறையில்தான். எட்டு மாதக் கருவைச் சுமந்துகொண்டு மலேசியாவின் நூர் சூர்யானி அதே ஆண்டு களமிறங்கியதும் இம்முறையில்தான். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக்கோப்பைத் தங்கம் பெற்றதும் இவ்வாறே. நிலையான உடல், அடங்கிய மூச்சு, அதிராமல் அழுத்தும் விரல் ஆகிய மூன்றும் கண்ணாடியால் வருவனவல்ல என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

குறிநோக்கிக்கு இடமுள்ள போட்டிகளும் உண்டு. மேசைமேல் தாங்கிவைத்துச் சுடும் போட்டிகளில் முப்பது மடங்கிற்கு மேற்பட்ட பெருக்கமும் பயன்படும். அங்கே துப்பாக்கி அசையாது, இலக்கும் அசையாது, வெளிச்சமும் உண்டு. அங்குப் பொருந்தியதைக் காட்டிற்குக் கொண்டுவருதலே பிழை.

தேர்வு செய்யும் முறை

காட்டோரத்தில் நூறு மீட்டருக்குட்பட்ட தொலைவிற்கு நான்கு மடங்கே போதும். மாற்றிக்கொள்ள வேண்டுமெனில் இரண்டிலிருந்து ஏழு வரை உள்ளது தக்கது. தாளிலக்குப் பயிற்சிக்கு ஒன்பது, பன்னிரண்டு கொள்ளலாம். பயிர்காவலுக்கெனத் தோட்டப்புறத்தில் உரிமம் பெற்றோர் கையில் பெரும்பாலும் இருப்பது சிதறுகுண்டுத் துப்பாக்கி. அது சுமார் நாற்பது மீட்டருக்கே பயன்படும். அதற்குப் பெரிய குறிநோக்கி வீண்செலவு. வாங்குமுன் கடையின் விளக்கொளியில் மட்டும் பாராமல், மாலையில் வாயிலுக்கு வந்து நிழல்படர்ந்த மூலை ஒன்றைப் பார்க்க வேண்டும். துப்பாக்கியோடு பிணைக்கும் வளையங்களுக்கும் தாராளமாகச் செலவிடுக. வளையம் நெகிழ்ந்தால் விலையுயர்ந்த வில்லையும் பயன் தராது.

சுடுமுன் அறிதல்

நீர் மொண்ட குடத்தின் ஒலியை யானையின் ஒலியெனக் கருதித் தயரதன் அம்பு தொடுத்தான். இறந்தவன் கண்ணற்ற பெற்றோரின் ஒரே மகன். அவன் வில்வன்மையில் குறையில்லை, குறியும் தப்பவில்லை. இலக்கு இன்னதென அறியாமல் எய்ததே குற்றம். குறிநோக்கி தரும் பெரும்பயன், நன்றாகக் கண்டபின் சுட உதவுவதாகும். ஆனால் அசைவது யாதென அறிய அதனையே தூக்கிப் பார்த்தல் பெருந்தவறு. பார்வை செல்லுமிடமெல்லாம் குழலின் வாயும் செல்லுமன்றோ? தேயிலை நிரைகளுக்கிடையே விடியலில் கொழுந்து பறிப்போர் இருப்பர். காய்கறித் தோட்டங்களிலும் ஆள் நடமாட்டம் உண்டு. காட்டுப் பாதையில் செமாய் மக்கள் வருவர். தேடிப் பார்க்க இருகண் தொலைநோக்கியும், குறிபார்க்க மட்டுமே குறிநோக்கியும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சிறு குண்டும் ஒரு மைலுக்கு மேல் செல்ல வல்லது. இலக்கின் பின்னே மண்மேடு இருக்கிறதா என்பதைக் கண்ணாடியின் சுருங்கிய வட்டம் காட்டாது.

சட்டமும் இங்கே துணைநிற்கிறது. மலேசியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். தீபகற்பத்தில் வேட்டைக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே உரிமம் கேட்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொழுதுபோக்கு வேட்டை ஒழிந்தது.

ஆகவே குறிநோக்கி வாங்க எண்ணுவோர், ‘எத்தனை மடங்கு?’ என்று கேட்பதற்குமுன், ‘எவ்வளவு தொலைவு? எவ்வளவு வெளிச்சம்? அங்கே வேறு யார் இருக்கக் கூடும்?’ என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பாராக. இம்மூன்றும் தெளிந்தவர்க்கு நான்கு மடங்கே மிகுதி. தெளியாதவர் கையில் நாற்பது மடங்கும் குருட்டுக் கண்ணே.