இறக்கத்தில் எஞ்சினே பிரேக்

நாகலாபுரத்துக் கரிசல் காட்டில் இறக்கம் என்றால் கண்மாய்க் கரைதான். அங்கே கார் ஓட்டிப் பழகியவர் உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கட்டும்! 36 கொண்டை ஊசி வளைவுகள். குறைந்த கியரில் இறங்கச் சொல்லும் எச்சரிக்கைப் பலகைகள். ஏன் தெரியுமா?

ஒரு கணக்குப் போடுங்கள். 1,000 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் 98 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. ஏறக்குறைய 33 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் இது! பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் இதில் பெரும்பகுதியை பிரேக்குகளே தாங்க வேண்டும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். திரவம் அழுத்தத்தில் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதித்த கட்டை அடிவரை போகும், வண்டி நிற்காது.

நுனியை விரலால் அடைத்து, ஊசிக் குழாயின் தண்டை இழுத்துப் பாருங்கள். கை திணறுகிறதல்லவா? கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் எஞ்சினின் காற்று வழி ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. பிஸ்டன்களும் அப்படியே திணறுகின்றன. அவற்றை இழுக்கும் வேலை சக்கரங்களுடையது. எனவே வேகம் கட்டுப்படுகிறது. கியர் குறையக் குறைய எஞ்சின் வேகமாகச் சுழலும், தடையும் கூடும். டீசல் லாரிகளில் புகைக்குழாயையே அடைக்கும் தனி பிரேக் உண்டு.

முதலில் பிரேக்கால் வேகத்தைத் தணித்து, பிறகு மூன்றிலிருந்து இரண்டு என ஒவ்வொரு கியராக இறக்க வேண்டும். கிளச்சை விடுமுன் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டால் குலுக்கல் இராது.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பார் சிலர். தவறு! இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான், அணையாமல் இருக்கச் சிறிது எரிக்கின்றன.