உங்களுக்குத் தெரியுமா? நீர் குடித்தால் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்!

● எரிபொருள் மின்கலங்களில் பயன்படும் நாஃபியான் என்ற சவ்வு, டெஃப்லான் இனத்தைச் சேர்ந்த பாலிமர். 1960-களில் டூபாண்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் உருவாக்கியது. முற்றிலும் காய்ந்த நிலையில் அது அநேகமாக எதையும் கடத்தாது. நீரில் ஊறியதும் உள்ளே இருக்கும் அமிலக் கிளைகளைச் சுற்றி நானோமீட்டர் அளவில் நீர் திரள்கிறது. ஏரிகளை இணைக்கும் வாய்க்கால்கள்போல அந்தத் திரள்களுக்கிடையே வழி திறக்க, புரோட்டான்கள் ஓடத் தொடங்குகின்றன.

● மெத்தனால், எத்தனாலில் ஊறவைத்தால் நீரில் ஊறியதைவிடவும் அது அதிகம் உப்பும். ஆனால் கடத்துதிறன் கூடுவதில்லை, குறைகிறது! புரோட்டானைக் கைமாற்றி விடுவதில் நீருக்கு இணையில்லை. மெத்தனாலில் இயங்கும் மின்கலங்களுக்கு இன்னொரு தலைவலி: எரிபொருளே சவ்வைக் கடந்து மறுபக்கம் கசிந்துவிடும்.

● எந்தக் கரைப்பானிலிருந்து வார்க்கிறோம் என்பதே சவ்வின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. ஆல்கஹால் கலந்த நீரில் கரைத்து அறை வெப்பத்தில் உலர்த்தினால் வெடிப்பு விழுந்த, மீண்டும் கரைந்துவிடக்கூடிய படலம்தான் கிடைக்கும். அதே பாலிமரை டிஎம்எஸ்ஓ போன்ற, அதிக வெப்பத்தில் கொதிக்கும் கரைப்பானில் கரைத்துச் சூடாக்கி உலர்த்துங்கள்: சங்கிலிகள் அசைந்து ஒழுங்காக அடுக்கமைந்து, உறுதியான சவ்வு உருவாகும். இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்தது இதுதான்.

● டிஎம்எஃப் கரைப்பானில் எச்சரிக்கை தேவை. சல்ஃபோனிக் அமிலம் ஏற்றிய பீக் (PEEK) என்ற வேறொரு பாலிமரை அதில் வார்க்கும்போது, சூட்டில் டிஎம்எஃப் சிதைந்து டைமெத்தில் அமீன் உண்டாகலாம். அது அமிலத்தை நடுநிலையாக்க, கடத்துதிறன் சரியும்.

● லித்தியம் மின்கலங்களுக்கு நீர் ஆகாது. எனவே லித்தியம் ஏற்றிய நாஃபியானை புரொப்பிலீன் கார்பனேட்டில் ஊறவைத்துக் கடத்தச் செய்கிறார்கள்.

● நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த தருமபுரிக்கு இதில் என்ன? அயனி கடத்தும் சவ்வுகளைக் கொண்டு, எலக்ட்ரோடயாலிசிஸ் முறையில் நீரிலிருந்து ஃப்ளூரைடைப் பிரிக்க முடியும். மின்புலத்தில் ஃப்ளூரைடு அயனி நேர்மின்வாயை நோக்கிச் சவ்வைக் கடந்து போகும். குஜராத் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய சவ்வுகளை உள்நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. ஜப்பான் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேர்ந்தது வேறு வழி: காவிரி நீரையே வீடுகளுக்குக் கொண்டுவருவது.

இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள், அதை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், குழந்தைகளுக்கு அந்த நீரைக் கொடுக்காதீர்கள்.