சாம்பல் போகும் வழி

அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கொட்டுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அந்தச் சாம்பலுக்குள் இருக்கும் ஒன்றை மட்டும் பின்தொடரலாம்: ஆர்சனிக்.

நிலக்கரியில் அது இருப்பது மிகச் சொற்பம். ஆனால் நம் ஊர் நிலக்கரியில் நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். கொதிகலன் சூட்டில் ஆவியாகிற ஆர்சனிக், புகை ஆறும்போது சாம்பல் துகள்களின் மேல் படிகிறது. துகள் எவ்வளவு சன்னமோ அவ்வளவு கூடுதலாகப் படியும். உள்ளே உறையாமல் மேலே ஒட்டிக்கொண்டிருப்பதால், தண்ணீர் பட்டால் கரைந்து இறங்குவது சுலபம். எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டில் 1994 முதல் ஓடும் வடசென்னை அனல் மின் நிலையமோ, சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத்தான் குழாய் வழியே செப்பாக்கம் குட்டைக்கு அனுப்பி வந்திருக்கிறது.

இனி கர்ப்பிணியின் உடம்புக்குள் போவோம். நஞ்சுக்கொடி எதையும் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கை ஆர்சனிக் விஷயத்தில் பலிக்காது. அர்ஜென்டினாவின் ஆண்டீஸ் மலைக் கிராமம் ஒன்றில் பிரசவித்த பெண்களை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் இருந்த ஆர்சனிக், தாயின் ரத்தத்தில் இருந்ததற்கு ஏறக்குறைய சமம்.

தாயின் கல்லீரல் சும்மா இருப்பதில்லை. மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதியை ஆர்சனிக்கோடு ஒட்டி, சிறுநீரில் தள்ளிவிடப் பார்க்கிறது. கர்ப்ப காலத்தில் இந்த வேலை இன்னும் மும்முரமாக நடக்கும். சிக்கல் என்னவென்றால், கருவின் மூளையில் எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்று குறிப்பதற்கும் அதே மெத்தில்தான் வேண்டும். ஒரே பானைச் சோற்றுக்கு இரண்டு பந்தி. இது போதாதென்று, ஆர்சனிக் செல்களின் தற்காப்புச் சக்தியையும் கரைக்கிறது. கர்ப்பத்தில் ஆர்சனிக் கொடுக்கப்பட்ட எலிகளின் குட்டிகள் கற்பதிலும் நினைவிலும் பின்தங்குவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள்.

மனிதப் பிள்ளைகளிடம் கதை இவ்வளவு நேராக இல்லை. வங்கதேசத்து அராய்ஹஜாரில் பத்து வயதுப் பிள்ளைகள் 201 பேரைச் சோதித்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், குழாய்க்கிணற்று நீரில் ஆர்சனிக் கூடக் கூட அறிவுத்திறன் மதிப்பெண் இறங்கியது. அதே நாட்டின் மத்லப் பகுதியில் தாய்மார்களைக் கர்ப்பத்திலிருந்தே தொடர்ந்தபோது, கைக்குழந்தைப் பருவத்தில் பாதிப்பு எதுவும் பிடிபடவில்லை. ஐந்து வயதில்தான் தெரிந்தது, அதுவும் பெண் குழந்தைகளிடம், முக்கியமாக மொழித்திறனில். ஏழை நாட்டின் சத்துக்குறைவுதான் காரணம் என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகள் 272 பேரிடம், வீட்டுக் கிணற்று நீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தாலே ஐந்தாறு மதிப்பெண் குறைந்ததை 2014இல் கண்டார்கள். குடிநீருக்கு இந்தியா அனுமதிக்கும் அளவு 10.

ஐந்தாறு மதிப்பெண் என்பது ஒரு பிள்ளையின் முகத்தில் தெரிகிற குறை அல்ல. வாய்ப்பாடு தங்கவில்லை, வாசித்தது மறந்துபோகிறது, அவ்வளவுதான். “மந்தம்மா உங்க பையன்” என்று டீச்சர் சொல்வார். வீட்டில் அடி விழும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் வைத்து எண்ணினால் மட்டுமே வெளியே வருகிற சேதம் இது.

அத்திப்பட்டை மத்லப் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே நஞ்சு ஆழ்குழாய்த் தண்ணீரில் இயற்கையாகவே இருக்கிறது. இங்கே லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் குடிப்பவர்கள் ஏராளம். சாம்பலில் ஆர்சனிக் இருக்கிறது என்பதாலேயே அது கருவை எட்டிவிட்டது என்று எழுதுவது அவசரம். மீன் விஷயத்திலும் அப்படித்தான். கடல் மீனிலும் இறாலிலும் இருப்பது பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்ற வடிவம். அது உடம்பில் தங்காமல் வெளியேறிவிடும். “மீனில் ஆர்சனிக்” என்று மொத்தக் கணக்கைப் போட்டுப் பயமுறுத்தினால், கழிமுகத்தில் இறால் பொறுக்கும் பெண்களின் பிழைப்புதான் போகும், சாம்பல் அங்கேயே கிடக்கும். சாம்பல் பறக்கும் வாசல், அதே மண்ணில் விளையாடும் கை, பாத்திரம் கழுவும் போர்த் தண்ணீர்: தேட வேண்டிய வழிகள் இவை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு இங்கே எதிர்பாராத ஒரு வேலை உண்டு. அதில் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. மெத்தில் தயாரிக்க உடம்புக்கு அது தேவை. வங்கதேசத்தில் ஃபோலேட் குறைவாக இருந்த பெரியவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது ரத்தத்தில் ஆர்சனிக் இறங்கியது. குமட்டுகிறது என்று அந்த மாத்திரையைத் தூக்கிப் போடாத வீடு எது? குழாயை அடைக்க வேண்டியவர்களின் கடமையை மாத்திரை செய்துவிடாது என்பது வேறு விஷயம்.

அளந்து பார்ப்பதற்குச் சிறுநீர் போதும். கடந்த சில நாட்களில் உடம்புக்குள் போனதை அது காட்டிவிடும். வடிவம் பிரித்துப் பார்க்கும் ஆய்வகம் கிடைத்தால் நல்லது. மலிவான மொத்தக் கணக்குச் சோதனை என்றால், மாதிரி கொடுப்பதற்கு முன்பு மூன்று நான்கு நாட்கள் மீன், இறால், நண்டு தொடக்கூடாது. எண்ணூர்க் கரையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம் இதை எந்த நர்ஸ் போய்ச் சொல்வார்?

(தொடரும்)