சோளம் மஞ்சளித்தால் யூரியாதான் மருந்தா?

பற்றைக் காடாகிப்போன காணியை வெட்டி எரித்து, முதல் மாரியில் சோளம் போட்டவர்களுக்கு அந்த வருடம் நல்ல விளைச்சல் கிடைத்திருக்கும். இரண்டாம், மூன்றாம் வருடங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. பயிர் இடுப்பளவு வளர்ந்ததும் அடியிலைகள் மஞ்சளிக்கின்றன. "யூரியா காணாது" என்பார் பக்கத்துக் காணிக்காரர். கடன்பட்டு ஒரு மூடை வாங்கிப் போடுகிறோம். கதிர் முற்றும் நேரம் ஒரு காற்றடித்தால் பாதிப் பயிர் சாய்ந்துவிடுகிறது.

மூடை வாங்குமுன் ஓர் அடியிலையைப் பிடுங்கிப் பாருங்கள். நைதரசன் குறைந்தால் மஞ்சள் நிறம் நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியே உள்ளே இறங்கும். அதற்கு யூரியா சரி. பொற்றாசியம் குறைந்தால் நுனியும் இரு ஓரங்களும் மஞ்சளித்து, பின் நெருப்புப் பட்டதுபோல் கபில நிறமாகிக் கருகும். நடுநரம்புப் பக்கம் பச்சையாகவே நிற்கும். இளம் இலைகளுக்காகப் பயிர் தன் பழைய இலைகளிலுள்ள பொற்றாசியத்தை எடுத்துக்கொள்வதால்தான் அடியிலை முதலில் கருகுகிறது. இந்த நிலையில் யூரியாவை மட்டும் கூட்டினால் இலை தழைக்கும், தண்டு பலப்படாது.

பயிர் தண்ணீரைக் காத்துக்கொள்வதற்கும், இலையில் உண்டாகும் சீனியைக் கதிருக்குக் கொண்டுபோவதற்கும் பொற்றாசியம் வேண்டும். அது போதாவிட்டால் நாலு நாள் மழையில்லாமலே பயிர் வாடும். கணுக்கள் நெருங்கிக் குட்டையாகும், தண்டழுகல் இலகுவில் பிடிக்கும். கதிரின் நுனியில் மணி பிடியாது. பிடித்த மணிகளும் சப்பையாக இருக்கும்.

எரித்த காட்டின் சாம்பலில் இருந்த பொற்றாசியமே முதல் வருட விளைச்சலுக்கு ஒரு காரணம். மணல் பாங்கான நிலத்தில் மழை அதைக் கழுவிவிடும். மீதியை நாமே வெளியேற்றுகிறோம். சோளம் எடுக்கும் பொற்றாசியத்தில் பெரும்பங்கு தண்டிலும் இலையிலும் நிற்கிறது, மணியில் இருப்பது ஏறக்குறைய காற்பங்குதான். கதிரை முறித்துவிட்டுத் தட்டையை வெட்டி மண்ணில் புதைத்தால் இழப்பு சிறிது. பிறர் காணியில் செய்கை பண்ணுவோர் தட்டையைக் காணிக்காரரின் மாட்டுக்குக் கொடுக்க நேரலாம். அப்படியானால் எருவைத் திருப்பிக் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாட்டின் சலம் ஊறிய பட்டிக் குப்பை காய்ந்த சாணியை விட மேலானது, ஏனெனில் பொற்றாசியம் கூடுதலாகச் சலத்தோடுதான் போகிறது.

அடுப்புச் சாம்பலையும் எறியாதீர்கள். மழை படாமல் சேர்த்து, விதைக்குமுன் மண்ணோடு கலவுங்கள். யூரியாவுடன் கலந்தால் நைதரசன் ஆவியாகப் போய்விடும். உமிச் சாம்பல் விறகுச் சாம்பலுக்கு ஈடாகாது. சுண்ணாம்புப் பாங்கான மண்ணில் சாம்பலைக் குறைத்தே போட வேண்டும்.

கடையில் வாங்குவதானால் எம்.ஓ.பி. பசளையை அடிப்பசளையாக இடுவதே நல்லது. இது முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருவது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது பட்ட பாடு நினைவிருக்கும். பூ வந்தபின் போட்டுப் பெரிய பலனில்லை. வறட்சியிலும் இறுகிய மண்ணிலும், பொற்றாசியம் இருந்தும் வேர் அதை எடுக்க முடியாமல் இதே அடையாளம் தோன்றலாம். ஆகவே ஒரு மழை பெய்தபின் இலைகளை மறுபடி பாருங்கள். அப்போதும் மேலிலைகளுக்குக் கருகல் ஏறினால், இலையையும் காணியின் பல இடங்களில் எடுத்த மண்ணையும் விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.