முதிரைக்கு வாள், பாலைக்குக் கத்தி

வைகாசி பிறந்தால் ஏ-9 வீதியோரம், மாங்குளம், ஓமந்தைப் பக்கமெல்லாம் பாலைப்பழம் வந்துவிடும். சுண்டால் அளந்து கொடுப்பார்கள். வேப்பம்பழமளவு, மஞ்சள் நிறம், தேன் இனிப்பு. உதட்டில் பால் ஒட்டிக்கொண்டால் எண்ணெய் தொட்டுத்தான் துடைக்க வேண்டும். காய்ச்சிப் பாணியும் எடுப்பார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் பாலைப்பாணி என்றே ஓர் ஊர் இருக்கிறது.

பாலை வளரும் அதே காட்டில் நிற்கும் முதிரையின் பேர் பலகையால் வந்தது. இழைத்தால் பட்டாக மினுங்கும். 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஆங்கிலேயர் கட்டிய ஒற்றை வளைவுப் பாலம் முதிரை மரத்தால் ஆனது. நீளம் 205 அடி, ஓர் ஆணி கிடையாது. எழுபது வருடம் தாண்டி நின்றது.

இரண்டுக்கும் பூ சிறிது, வெளிறியது; அண்ணாந்து பார்ப்பது தேனீக்கள்தான். 2012இல் வெளியான இலங்கையின் தேசியச் சிவப்புப் பட்டியலில் இரண்டும் ஒரே படியில், ‘அழிவுக்கு உள்ளாகக்கூடியவை’ என்று நின்றன. உலகப் பட்டியல் முதிரையை 1998இலேயே அப்படிக் குறித்துவிட்டது.

படி ஒன்றுதான், ஆபத்து வேறு. முதிரையை விலை கொல்கிறது. போர் முடிந்த நாளிலிருந்து ‘முதிரைக் குற்றிகளுடன் ஒருவர் கைது’ என்ற செய்தி வன்னிப் பத்திரிகைகளில் ஓயவில்லை. பிடிபடுவது பெரும்பாலும் சாரதி. மரத்துக்குச் சொல்லி வைத்த முதலாளி வீட்டிலிருப்பார். ஆனாலும் முதிரை விதைக்குச் சிறகுண்டு. தாய்மரம் நின்றால் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பாலைக்கு அந்த வசதி இல்லை. கரடியும் குரங்கும் பறவையும் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். முளைப்பது மெதுவாக, வளர்வது அதைவிட மெதுவாக. முளைத்ததையும் மான் மேய்ந்துவிடும். சிலிப்பர் கட்டைக்கு வெட்டிய காலம் போக, இப்போது பழத்துக்காகவே கொப்போடு தறித்து விழுத்துகிறார்கள். தறித்த கொப்பு மறுவருடம் காய்க்காது. இதற்குச் சோதனைச்சாவடியும் இல்லை, செய்தியும் இல்லை. எனக்கு முதிரையைவிடப் பாலையை நினைத்தால்தான் பயம்.

கன்று உண்டாக்க முடியாத மரமல்ல. இந்தியாவில் சப்போட்டாவை ஒட்டுவதே பாலைக் கன்றின்மேல்தான். வனவளத் திணைக்களம் தேக்கு நட்ட அக்கறையில் காற்பங்கைப் பாலைக்குக் காட்டலாம். பறிப்பவர்களும் கத்தியை வைத்துவிட்டு, மரத்தடியில் படங்கு விரித்துக் கொப்பை உலுப்பினால் போதும். கனிந்த பழம் தானாக விழும்.