நேர்முகத் தேர்வின் முதற் கேள்வி

பி.எட். பட்டமும் தகுதித் தேர்வுச் சான்றிதழும் கையிலிருக்க, தாளாளரும் தலைமையாசிரியரும் எதிரே அமர்ந்திருக்க, தனியார் பள்ளியொன்றின் அலுவலக அறையில் படபடப்போடு உட்கார்ந்திருக்கும் இளைஞரிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது, “நீங்கள் ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்?” என்பதே. 150 மதிப்பெண்ணுக்கு நடக்கும் தகுதித் தேர்வு, பாட அறிவையும் உளவியல் பயிற்சியையும் அளக்குமேயன்றிப் பிள்ளைகளிடத்தில் ஒருவருக்குள்ள பிரியத்தை அளக்காது. ஆதலால் இக்கேள்வி அவசியமாகிறது.

அறப்பணி, புனிதமான தொழில் என்ற வாசகங்கள் பொய்யல்ல. ஆயினும் காலை முதல் பத்துப் பேர் ஒப்பித்துச் சென்றவை, பதினோராவது அபேட்சகரைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. வினாவிடைப் புத்தகத்தை மூடிவைத்துத் தம் ஞாபகத்தைப் புரட்டுவதே இதற்கான ஆயத்தம். 2015 முதல் இரண்டாண்டாக நீண்ட பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெறவேண்டியிருக்கிறதல்லவா? மூன்றைவிட நான்கு பெரிதாகையால் மூன்றிலொன்றைவிட நான்கிலொன்றே பெரிது என்று சாதித்த சிறுமியிடம் ஒருநாள் முழுதும் தோற்று, இரவெல்லாம் யோசித்து, மறுநாள் இரண்டு காகிதங்களை மடித்துக் காட்டியபோது அவள் முகம் தெளிந்ததைக் கண்டவருக்கு, அதைக் காட்டிலும் சிறந்த விடை வேறில்லை. தோற்ற தினத்தை மறைக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் ஆசிரியருக்கு மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறுமுன் நிலத்தைக் கூறினார். நிலத்தின் பொறுமை வெளிப்படுவது தோல்வியைச் சொல்லும் இடத்தில்தான்.

வேறு உத்தியோகம் கிடைக்காமல் இத்துறைக்கு வந்தவர்களும் கூச வேண்டியதில்லை. வந்த காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி, நிலைத்த காரணத்தை விரிவாகச் சொல்லலாம்.

“எங்கள் பள்ளியை ஏன் தேர்ந்தீர்கள்?” என்பது அடுத்து வரும். முந்தைய தினமே பள்ளி விடும் நேரத்தில் வாசலில் கால் மணி நேரம் நின்று, எத்தகைய குடும்பத்துப் பிள்ளைகள், எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறார்கள் என்று கண்டவருக்கு அது கடினமன்று.

விடைகளை மனப்பாடம் செய்யாமல், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நலம். பிறகு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். பிள்ளைகளிடம் பிரியம் என்று சற்றுமுன் சொன்னவர், சுண்ணக்கட்டியை எடுத்ததும் கரும்பலகையையே பார்த்துப் பேசுகிறாரா, கடைசி வரிசைப் பையனையும் பார்க்கிறாரா என்பதைத் தேர்வாளர் அப்போது கவனிப்பார்.